பால் கவரில் ஜடை மிதியடி: கழுவுவதிலிருந்து விரிப்பது வரை

இந்த மிதியடிக்கு மெஷின் வேண்டாம், பசை வேண்டாம். பால் கவரை நீளமான நாடாவாக வெட்டி, மூன்று கால் ஜடையாகப் பின்னி, அந்த ஜடையை நீள்வட்டமாகச் சுற்றித் தைக்க வேண்டும். தலை பின்னத் தெரிந்த யாருக்கும் பின்னுவது கஷ்டமில்லை. எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவர்களில் ஒருவர்கூட ஜடையில் தடுமாறவில்லை. சரியாகக் கழுவாதது, தப்பான கவரை எடுத்தது, வளைவில் தையலை இறுக்கியது, கடைசியில் வெயிலில் போட்டது என்று இந்த நான்கு இடங்களில்தான் மிதியடி கெட்டது. அதனால் அவற்றைப் பற்றி விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

முதல் மிதியடியை இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் செய்யுங்கள். கீழே உள்ள கணக்கெல்லாம் அந்த அளவுக்கானது. எடுத்தவுடன் பெரிய விரிப்பாக ஆரம்பித்தவர்கள் பாதியில் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார்கள்.

1. எந்தக் கவர் ஆகும், எது ஆகாது

அரை லிட்டர் பால் கவர்தான் முதல் தேர்வு. தடிமன் ஒரே சீராக இருக்கும், மென்மையாக மடங்கும், தினமும் வீட்டுக்கே வரும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கேரி பைகளுக்குத் தடை இருந்தாலும் பால், எண்ணெய் உறைகளுக்கு விலக்கு உண்டு. அதனால் பால் கவருக்குப் பஞ்சம் வராது. தயிர் கவரும் ஆகும். எண்ணெய் கவரைப் பழகியவர்கள் எடுக்கலாம். ஆனால் பிசுக்குப் போக மூன்று தடவையாவது கழுவ வேண்டும்.

சிப்ஸ் பாக்கெட் போல உள்ளே வெள்ளியாக மின்னும் கவர் வேண்டாம். அது இரண்டு மூன்று படலங்களை ஒட்டிச் செய்தது. வெட்டிய விளிம்பு காலைக் கீறும், முடிச்சு நழுவும், நாளடைவில் படலம் உரியும். தாம்பூலப் பை மாதிரித் துணி போலத் தெரியும் பையும் வேண்டாம். நாடாவாக வெட்டினால் ஓரமெல்லாம் பஞ்சாகப் பிரிந்துவிடும். ‘மக்கும் பை’ என்று அச்சிட்டிருந்தால் கண்டிப்பாக ஒதுக்குங்கள். மக்குவதற்காகவே செய்த பொருளை வைத்து நாலு வருஷம் மிதிக்கிற மிதியடி செய்ய முடியாது.

சந்தேகமான கவர் என்றால் விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, தண்ணீருக்குள் அமுக்கி, ஒட்டியிருக்கும் குமிழியைத் தேய்த்துவிட்டுக் கையை எடுங்கள். பாலித்தீன் மேலே மிதக்கும். பிவிசி அடியில் போய்விடும், அது நமக்கு வேண்டாம்.

இன்னொன்று. அளவு போதவில்லை என்று கடையில் புதிதாகப் பாலித்தீன் பை வாங்கி யாரும் இதைச் செய்யாதீர்கள். குப்பைக்குப் போகிறதைத் தடுக்கத்தானே உட்காருகிறோம்.

2. எவ்வளவு வேண்டும், கையில் என்ன இருக்க வேண்டும்

நான் சொன்ன அளவுக்கு ஏறக்குறைய நூறு அரை லிட்டர் கவர் பிடிக்கும். நூற்றுப் பத்து சேர்த்துவிட்டு ஆரம்பியுங்கள். நாளைக்கு இரண்டு கவர் வரும் வீட்டில் இரண்டு மாதத்துக்குள் சேர்ந்துவிடும். பக்கத்து வீட்டில் கேட்டால் இன்னும் சீக்கிரம் சேரும். கேட்கும்போதே, “மூலையை முழுசா வெட்டி எடுக்காதீங்க, தொங்கட்டும்” என்று சொல்லிவிடுங்கள். அந்தச் சின்ன மூலைத் துண்டுதான் சாக்கடைக்குப் போனால் திரும்ப எடுக்கவே முடியாத குப்பை.

கவரின் தடிமனும் உங்கள் கை இறுக்கமும் மாறினால் கணக்கும் மாறும். அதனால் முதலில் ஒரு முழம் மட்டும் பின்னி, அதற்கு எத்தனை கவர் ஆனது என்று பாருங்கள். மொத்தம் பதினைந்து மீட்டர் ஜடை வேண்டும். மிச்சத்தை அதிலிருந்து போட்டுக்கொள்ளலாம்.

கருவி என்று பார்த்தால் கூர்மையான கத்தரிக்கோல், கோணி ஊசி, முறுக்கிய நைலான் நூல், துணி கிளிப் நான்கு, அளவு நாடா, பழைய சைக்கிள் டியூப் ஒன்று. கோணி ஊசியின் முனையை உரைகல்லிலோ சிமென்டுத் தரையிலோ தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். ஏன் என்று ஏழாவது பகுதியில் சொல்கிறேன். பருத்தி நூல் வேண்டாம். மிதியடி ஈரம் படுகிற பொருள், பருத்தி இற்றுப்போகும். பிளாஸ்டிக் அப்படியே இருக்க, தையல் மட்டும் விட்டுப்போகும்.

3. கழுவிக் காய வைப்பது

கவரைத் தினமும் அன்றன்றைக்கே கழுவ வேண்டும். சேர்த்து வைத்து ஒரே நாளில் கழுவலாம் என்று நினைத்தால் பால் உள்ளே காய்ந்து ஆடையாக ஒட்டிக்கொள்ளும்.

மேல் விளிம்பை முழுவதுமாகத் திறந்து, உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான ஸ்பாஞ்ச் போதும். பச்சைத் தண்ணீரில் பால் கொழுப்பு முழுசாகப் போகாது. கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள், படலத்தில் கீறல் விழும். அச்சு மையும் உரியும். கழுவியபின் கொடியில் கிளிப் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள்.

காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்தால் போதாது, மோந்து பாருங்கள். லேசாகப் பால் வாடை இருந்தால்கூட இன்னொரு தடவை கழுவ வேண்டும். என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு அக்கா அழகாகப் பின்னி வாசல்படிக்கு உள்ளே போட்டார். மறுநாள் காலையில் ஜடையின் இடுக்கு இடுக்காகச் சிற்றெறும்பு வரிசை. பின்னிய பிறகு அந்த இடுக்குக்குள் சோப்பு போகாது. அத்தனையும் பிரித்து நாடா நாடாவாகக் கழுவ வேண்டியதாயிற்று.

4. நாடாவாக வெட்டுவது

மேல், கீழ் ஒட்டுகளை வெட்டி எடுத்தால் கவர் ஒரு குழாய் மாதிரி ஆகும். அதை ஒரே நீள நாடாவாக வெட்ட வேண்டும். தனித்தனித் துண்டாக வெட்டினால் துண்டுக்கு ஒரு முடிச்சு விழும். முடிச்சு கூடினால் மிதியடி கரடுமுரடாகிக் காலை உறுத்தும்.

குழாயைத் தட்டையாகப் பரப்புங்கள். திறந்த வாய்கள் மேலும் கீழும் இருக்கட்டும், மடிப்புகள் இடமும் வலமும். வலது மடிப்பிலிருந்து இடது பக்கம் நோக்கி, மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக வெட்டிக்கொண்டு வாருங்கள். இடது மடிப்புக்கு இரண்டு விரல் அகலம் முன்பே நிறுத்திவிட வேண்டும். வெட்டி முடித்தால் மீன் முள் போல, நடுவில் ஒரு முதுகுத்தண்டும் அதிலிருந்து வளையங்களுமாக நிற்கும்.

இனி அந்த முதுகுத்தண்டை விரித்துக் கையில் பிடியுங்கள். வெட்டுகள் இரண்டு பக்கமும் தெரியும். முதல் வெட்டைக் கவரின் விளிம்பிலிருந்து சாய்வாக வலதுபக்க முதல் வெட்டுக்குக் கொண்டுபோங்கள். அடுத்து இடதுபக்க முதல் வெட்டிலிருந்து வலதுபக்க இரண்டாவது வெட்டுக்கு. அப்புறம் இடது இரண்டிலிருந்து வலது மூன்றுக்கு. இப்படியே சாய்த்துச் சாய்த்துப் போனால் கவர் முழுவதும் ஒரே நாடாவாக உதிர்ந்து வரும். ஒரு கவருக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மீட்டர் கிடைக்கும். முதல் தடவை எல்லோரும் நேருக்கு நேராக வெட்டிவிடுகிறார்கள். அப்படி வெட்டினால் தனித்தனி வளையமாக விழும். முதல் இரண்டு கவரைப் பழகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கவரின் முதுகில் நெடுக ஓர் ஒட்டு இருக்கும். நாடா அதைத் திரும்பத் திரும்பக் கடந்து போகும். ஒவ்வொரு நாடாவையும் இரண்டு கையாலும் நிதானமாக இழுத்துப் பாருங்கள். ஒட்டு பிரிந்தால் இப்போதே பிரியட்டும். பிரிந்த இடத்தை வெட்டி முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். ஜடைக்குள் போய்ப் பிரிந்தால் வெளியில் தெரியாது, கொஞ்ச நாளில் அந்த இடம் மட்டும் பள்ளமாகும்.

5. நாடாக்களைச் சேர்ப்பது

சாதாரண முடிச்சு வேண்டாம், கொட்டைப் பாக்கு மாதிரி துருத்தும். பழைய துணி நாடாவைச் சேர்க்கிற கண் முடிச்சே இதற்கும் சரி. பழைய நாடாவின் நுனியிலும் புது நாடாவின் நுனியிலும், முனையிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி நீளவாக்கில் ஒரு சின்னக் கண் வெட்டுங்கள். பழைய நுனியைப் புது நாடாவின் கண் வழியே நுழையுங்கள். பிறகு புது நாடாவின் மறுகோடியைப் பிடித்து, பழைய நாடாவின் கண்ணுக்குள் அடியிலிருந்து விட்டு மெதுவாக இழுங்கள். தட்டையான சின்னப் பூட்டு விழும். சடக்கென்று இழுத்தால் கண் கிழியும்.

எல்லா நாடாவையும் முதலிலேயே சேர்த்து உருண்டையாக வைக்காதீர்கள். பின்னும்போது சிக்கல் எடுக்கவே பாதி நேரம் போய்விடும். தீரத் தீரச் சேர்ப்பதுதான் வேகம்.

6. ஜடை போடுவது

ஜடையின் ஒவ்வொரு காலுக்கும் மூன்று நாடா. ஆக ஒன்பது நாடாவை ஒன்றாக முடிந்து ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். கட்டும் முன்னால் ஒவ்வொரு காலிலும் ஒரு நாடா முழு நீளம், ஒன்று அதில் முக்கால்வாசிக்கும் கொஞ்சம் குறைவு, இன்னொன்று மூன்றில் ஒரு பங்கு என்று வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றும் ஒரே இடத்தில் தீர்ந்து, மூன்று முடிச்சும் ஒரே இடத்தில் குவியும்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பின்னுகிற இறுக்கம் சரியாக இருக்கும். சாயங்காலம் வரை அவிழக் கூடாது, தலையும் வலிக்கக் கூடாது. அதைவிட இறுக்கினால் ஜடை கயிறு மாதிரி விறைத்து, வளைவில் திரும்ப மறுக்கும். தளர்த்தினால் மிதிக்க மிதிக்கத் தட்டையாகிவிடும். அகலம் ஒன்றரை சென்டிமீட்டர் வருகிறதா என்று அடிக்கடி அளந்து பாருங்கள். எழுந்து போகும்போது கிளிப் போட்டுவிட்டுப் போங்கள்.

ஒருவர் தொடங்கிய ஜடையை இன்னொருவர் தொடர்ந்தால் மிதியடியில் அந்த இடம் கண்டிப்பாகத் தெரியும். கை மாறினால் இறுக்கம் மாறும். இரண்டு பேர் சேர்ந்து செய்வதென்றால் ஒருவர் வெட்டட்டும், ஒருவர் பின்னட்டும்.

நிறம் உங்கள் இஷ்டம். ஆவின் கவர் என்றால் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று பிரித்து வைத்து, காலுக்கு ஒரு நிறம் விட்டால் ஜடை அழகாகத் தெரியும். கலந்துகட்டிப் பின்னினாலும் மோசமில்லை.

7. சுற்றித் தைப்பது

அவசரப்படவே கூடாத இடம் இது.

நீள்வட்டத்துக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்தால் வருவதுதான் நடுவில் போடும் நேர்க்கோடு. இரண்டடியில் ஒன்றரை அடி போனால் அரையடி. ஜடையின் முதல் அரையடியை நேராக வைத்து, அங்கே திருப்பி, அதன் பக்கத்திலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். அந்த நேர்க்கோட்டை ஓரடி என்று வைத்துவிட்டால், நீளம் இரண்டடி வரும்போது அகலம் ஓரடியில்தான் நிற்கும். பாதியில் திருத்தவும் முடியாது.

ஊசியைப் பிளாஸ்டிக்கில் குத்தாதீர்கள். ஜடையின் கால்களுக்கு நடுவே இருக்கிற சந்துக்குள் நுழைத்து எடுங்கள். இந்தப் பக்க ஜடையில் ஒரு சந்து, அந்தப் பக்க ஜடையில் ஒரு சந்து, இப்படி மாறி மாறி, ஷூ கயிறு கோப்பது போல. குத்திய ஓட்டையிலிருந்துதான் படலம் கிழிய ஆரம்பிக்கும். அதற்காகத்தான் ஊசி முனையை மழுக்கச் சொன்னேன். மழுங்கிய முனை தானாகவே சந்தைத் தேடிப் போகும்.

நேர்ப்பகுதியில் சந்துக்குச் சந்து கோத்துக்கொண்டு போகலாம். வளைவில் அப்படிச் செய்யக் கூடாது. வெளிச்சுற்று உள்சுற்றைவிட நீளம். அங்கேயும் ஒன்றுக்கு ஒன்று கோத்தால் வெளிச்சுற்றுக்கு நீளம் போதாமல் விளிம்பு மேலே எழும்பி, மிதியடி தாம்பாளம் மாதிரி குழியும். அதனால் வளைவில் வரும்போது இடையிடையே வெளி ஜடையில் ஒரு சந்தை விட்டுவிட்டு அடுத்ததில் ஊசியை நுழைக்க வேண்டும்.

எத்தனை சந்து விடுவது? கற்றுக்கொள்கிற எல்லோரும் கேட்பது இதைத்தான். ஜடை ஒன்றரை சென்டிமீட்டர் அகலம் என்றால், ஒவ்வொரு சுற்றும் அதற்கு முந்தைய சுற்றைவிட ஒன்பதரை சென்டிமீட்டர் அதிகம் கேட்கும். மூன்றாவது சுற்றானாலும் பத்தாவது சுற்றானாலும் அதே ஒன்பதரைதான். அதை இரண்டு வளைவுக்கும் பிரித்தால் ஒரு வளைவுக்கு ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது நான்கு சந்து. உங்கள் ஜடையில் சந்து நெருக்கமாக இருந்தால் ஐந்து. வெளியே போகப் போக வளைவு பெரிதாகி, சாதுவாகத் தெரியும். இனி விட வேண்டியதில்லை என்று தோன்றும். ஆறாவது ஏழாவது சுற்றில் மிதியடி குழிவது அந்த நினைப்பால்தான்.

விடும் சந்துகளை வளைவு முழுக்கப் பரப்பி விடுங்கள். சுற்றுக்குச் சுற்று அதே இடத்தில் விட்டால் அங்கே மூலை விழுந்து, வட்டமாக இருக்க வேண்டியது அறுகோணமாகும். வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு நான்கு இடத்தில் சிவப்பு நூல் கட்டி வைத்துக்கொண்டால் எண்ணுவது சுலபம்.

தைக்கும்போது மிதியடி தரையிலோ மேஜையிலோதான் கிடக்க வேண்டும். மடியில் வைத்துத் தைத்தால் உங்கள் தொடையின் வளைவு அதற்கும் வந்துவிடும். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை எழுந்து நின்று மேலிருந்து பாருங்கள். ஓரம் தூக்கினால் சந்து போதவில்லை, புடவைக் கொசுவம் போல அலைந்தால் சந்து அதிகம். எங்கே தப்பு தொடங்கியதோ அதுவரை பிரித்து மறுபடி தையுங்கள். மேலே அம்மிக்கல்லை வைத்து அமுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்லை எடுத்ததும் பழையபடி எழும்பிக்கொண்டது. அயர்ன் பாக்ஸ் வைக்கவே வைக்காதீர்கள். பாலித்தீன் உருகிப் பெட்டியில் ஒட்டும், புகையும் கிளம்பும்.

8. முடிப்பது

கடைசிச் சுற்றை நேர்ப்பகுதியில் முடித்தால் படி வைத்த மாதிரி துருத்தும். வளைவில் முடியுங்கள். கடைசி ஓரடியில் ஒவ்வொரு காலிலும் முதலில் ஒரு நாடா, பிறகு இன்னொன்று என்று வெட்டிவிட்டு, ஜடையை எலி வால் போலச் சிறுத்துக்கொண்டே வாருங்கள். அந்த நுனியை முந்தைய சுற்றின் சந்துக்குள் விட்டு அடிப்பக்கம் தைத்துவிடலாம்.

நைலான் கயிற்று நுனியைத் தீக்குச்சியில் கருக்குகிற பழக்கத்தில் சிலர் இங்கேயும் தீயைக் காட்டுகிறார்கள். வேண்டாம். படலம் எரிந்தபடியே சொட்டும், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு கொப்பளிக்கும்.

அடுத்தது சைக்கிள் டியூப். இதைத் தள்ளிப் போடாதீர்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் மிதியடி வழுக்கும், தண்ணீர் சிந்தியிருந்தால் இன்னும் மோசம். டியூபை நெடுக வெட்டித் திறந்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பவுடரைக் கழுவிவிட்டு, இரண்டு விரல் அகலத்தில் ஆறு துண்டு எடுங்கள். நான்கு ஓரத்தில், இரண்டு நடுவில். ரப்பரில் ஓட்டை போட்டு, மிதியடியில் சந்து வழியாக நூலை எடுத்துத் தையுங்கள். தைத்தபின் ஈரத் தரையில் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலால் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் இன்னும் இரண்டு துண்டு வேண்டும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இந்தச் சோதனை முடியாமல் பாத்ரூம் வாசலில் போடவே கூடாது.

9. எங்கே போடலாம், எங்கே கூடாது

வீட்டுக்குள் வாசல்படி ஓரம், பாத்ரூம் முன்பு, வாஷிங் மெஷின் பக்கம். வெளியே கூரை போட்ட திண்ணை, நிழல் விழும் பால்கனி, ஓடு வேய்ந்த வராந்தா. மழைச் சாரல் பட்டால் ஒன்றும் ஆகாது.

நேர் வெயில் கூடாது. நான் பின்னிய இரண்டாவது மிதியடியை மொட்டை மாடிக் கதவுக்கு வெளியே போட்டேன். ஒரு கோடை முழுக்க அங்கேயே கிடந்தது. மார்கழியில் கோலத்துக்காக இடத்தைப் பெருக்கத் தூக்கினேன், விளிம்பு விரலோடு வந்தது. மிச்சத்தை மடக்கியபோது அப்பளம் மாதிரி நொறுங்கி, நீலமும் வெள்ளையுமாகத் தூள் தரையெல்லாம் சிதறியது. அந்தத் தூளைத் துடைத்து எடுக்க எனக்கு ஒரு காலைப் பொழுது ஆனது, அப்படியும் கொஞ்சம் தண்ணீரோடு வடிகாலில் போய்விட்டது. இன்னமும் அது என் மனதை உறுத்துகிறது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் பாலித்தீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியைத் துண்டுதுண்டாக அறுக்கும். வெளியில் போடவென்றே விற்கும் பாலிபுரொப்பிலீன் விரிப்புகளில் அதைத் தாங்கும் கலவை சேர்த்திருப்பார்கள். பால் கவர் ஓரிரு நாள் பாலைத் தாங்கச் செய்தது, அதில் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. மொட்டை மாடிக்கு விரிப்பு வேண்டுமென்றால் வெயில் தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கடையில் வாங்குங்கள்.

அடுப்படியிலும் விளக்கேற்றும் இடத்திலும் வேண்டாம். இந்த வகைப் பாலித்தீன் 105 முதல் 115 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். குக்கரை இறக்கி மேலே வைத்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

வாரம் ஒரு தடவை தட்டி உதறுங்கள். மாதம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நிறுத்திவைத்து வடிய விடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஓரத்து நாடா ஒன்றை மடக்கிப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தாலோ விரலில் தூள் ஒட்டினாலோ அதன் காலம் முடிந்தது. நொறுங்கும் வரை வைத்திருக்காமல், நைலான் நூலையும் டியூபையும் பிரித்து எடுத்துவிட்டு, உலர் குப்பை வாங்க வருகிறவரிடம் மூட்டையாகக் கொடுத்துவிடுங்கள். வெட்டும்போது விழுந்த மேல், கீழ் ஒட்டுகளையும் மூலைத் துண்டுகளையும் ஒரு கவருக்குள் திணித்து வைத்திருந்தால் அதையும் கூடவே அனுப்பலாம்.